நேராக வந்த புள்ளிகள்

அவரிடம் 'ஏறக்குறைய' என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. முதலில் மாட்டிக்கொண்டது என் அம்மாதான்.

"உங்க நிரையில எத்தனை மரம் இருக்குக்கா?"

"ஏறக்குறைய முந்நூறு இருக்கும் தம்பி."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"தெனமும் வெட்டுறவளுக்குத் தெரியாதா? முந்நூறுதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் சருகு மிதிபடும் சத்தம். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்திருந்த அந்த அவசரகாலத்தில் காட்டோரம் சருகுச் சத்தம் கேட்டால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். உளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் இவர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டை, கையில் ஒரு சுண்ணாம்புக்கட்டி. மரத்துக்கு மரம் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"இருநூத்தி எண்பத்தி ஒண்ணுக்கா," என்றாராம். "அதுல நாலு மரம் பட்டுப்போச்சு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அம்மா முகத்தைக்கூடக் கழுவவில்லை. "பன்னெண்டு வருசமா முந்நூறு மரம் வெட்டுறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒரே காலையில பத்தொம்பது மரத்தப் புடுங்கிட்டான்டி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அம்மா போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து தெரியும், அவ்வளவுதான். ஆனால் இவரைப் பற்றி என்றால் கை ஓடுகிறது. அம்மா சிரித்த சிரிப்பில் பாதி இவரால் வந்தது. அதனால் இவரை எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை. அவரைக் கேட்க முடியவில்லை, எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கேட்காமல் போட்டால் அவருக்குப் பிடிக்காது.

பீடோங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாயின் மகன் அவர். சிங்கப்பூரில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு அதற்கு மேலே இன்னொன்று படித்துக்கொண்டிருந்தார். அந்த மேல்படிப்புக்கு ஏதாவது ஒரு தொழிலை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அது எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று நேரில் போய்ப் பார்த்து, எண்களை ஆராய்ந்து, தன்னந்தனியாக ஒரு புத்தகம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கூடப் படித்தவர்கள் வங்கி, கப்பல் என்று எடுத்தார்கள். இவர் எங்கள் தீம்பாருக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு வந்து எங்கள் வாளியில் இருக்கும் பாலை எடுத்தார்.

"ஏண்ணே, உங்க அத்தா கடையவே எழுதலாமே? நல்ல சாப்பாடாச்சும் கெடைக்கும்லா," என்று கேட்டேன்.

"அத்தா உண்மையச் சொல்ல மாட்டாரு. இன்னிக்கி எத்தனை பேரு சாப்பிட்டாங்கன்னு கேட்டா, எண்ணாதடா, கண்ணு பட்டுரும்பாரு."

அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மாவும் நானும் பால்வெட்டுதான். அப்பா நான் சின்னதாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அதில் ஒரே ஒரு வாசல். அவசரகாலத்துக்கு முன்னால், தூரத்தில் நிரை உள்ளவர்கள் நாலு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் உள்ளவர்கள் மெதுவாகப் போவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முதல் மரத்தை வெட்டுவார்கள். வேலி வந்த பிறகு வாசலை ஆறு மணிக்குத்தான் திறந்தார்கள். ஒவ்வொருத்தராக ஐசி என்ற அடையாள அட்டையைக் காட்டி, வாளியைக் கவிழ்த்துக் காட்டி, தேத்தண்ணிப் போத்தலில் அரிசி கிரிசி இருக்கிறதா என்று ஆட்டிக் காட்டி வெளியே போக வேண்டும். காட்டில் இருப்பவர்களுக்கு யாரும் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று அந்தச் சோதனை.

அம்மாவின் நிரை கடைசி மேட்டில், ஓடையைத் தாண்டி இருந்தது. அங்கே வெட்டுகிறவர்கள் ஆறு பேர். அவர்கள் வரிசையில் நின்று, நடந்து, போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். லயத்துக்குப் பக்கத்து நிரையில் எனக்கு முப்பது ராத்தல் வரும்போது அம்மாவுக்கு இருபதுதான் வரும். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையோ, "ஒரே வருசத்துல நட்ட மரம், ஒரே பால்தான் வரணும்" என்பார். பால் குறைந்தால் சோம்பேறி. சோம்பேறியின் பெயரைப் பேரேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். அம்மாவுக்கு அப்போதே இருமல் இருந்தது. துரையின் கண் அவள் மேலேதான்.

இவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் இதுதான். வாசலும் தூரமும் சேர்ந்து ஒரு ஆளிடமிருந்து எவ்வளவு பாலைத் தின்கின்றன? துரை அனுமதி கொடுத்தார். இவர் எழுதி முடித்ததும் பார்த்துவிட்டு மேட்டு நிரைக்காரர்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகவும் சொன்னார்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு இவரைக் கண்டாலே பயம். நோட்டும் பென்சிலுமாக ஒருத்தர் லயத்தில் நடந்தால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா குழாயடியில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"தம்பி, நீங்க சிஐடியா?"

"இல்லக்கா."

"சிஐடியா இருந்தாலும் இல்லன்னுதான சொல்வீங்க?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார். "அப்ப நான் சொல்றத வச்சி உங்களுக்குத் தெரியாது. எழுதுறத வச்சித்தான் தெரியும்."

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய கட்டம் போட்ட காகிதத்தை ஆணியடித்து மாட்டினார். கீழே வரிசையாக எங்கள் பெயர்கள். அன்றைக்கு எத்தனை ராத்தலோ அத்தனை கட்டம் மேலே ஒரு கறுப்புப் புள்ளி. தினமும் ஒரு புதுக் காகிதம். "இதுதான் நான் எழுதுறது. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எல்லாரும் பாருங்க," என்றார். அதோடு பயம் போய்விட்டது. எல்லாரும் பார்த்தார்கள். தங்கள் பெயரைப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தங்கள் புள்ளி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அவர் எழுதுவதில் இன்னொரு பழக்கம் இருந்தது. எதையாவது அடித்தால் பக்கத்திலேயே ஏன் அடித்தேன் என்று எழுதுவார். ஒரு நாள் நிறுக்கும்போது மழை பெய்து அஞ்சலை அக்காவின் வாளியில் தண்ணீர் விழுந்துவிட்டது. கணக்கு எழுதும் கிராணி, "தம்பி, பேசாம அத விட்டுருங்க, யாருக்குத் தெரியும்?" என்றார். இவர், "விடுறேன். ஆனா விட்டேன்னு எழுதிட்டுத்தான் விடுவேன்," என்று மழை, தண்ணீர், வாளி என்று மூன்று வரி எழுதினார்.

மாரியம்மன் பூசைக்கு அவரையும் கூப்பிட்டோம். கோயிலுக்குள் வரவில்லை. வெளியே நின்றார். பூசை முடிந்ததும் அஞ்சலை அக்கா, "ஆயிரம் பேரு வந்திருப்பாங்கல்ல தம்பி?" என்று பெருமையாகக் கேட்டாள்.

"செருப்பு அறுபத்தேழு ஜோடிக்கா. ஒத்தச் செருப்பு மூணு. செருப்பு இல்லாம வந்தவங்க எத்தனை பேருன்னு தெரியல. அதனால மொத்தம் எத்தனைன்னும் தெரியாது."

"ஆயிரம்னு சொன்னா உங்க வாயி வெந்துருமா?"

"தெரியாதுக்கா," என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு.

தெரியாது என்று சொல்ல அவ்வளவு படித்தவர் வெட்கப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் வழி தெரியாதவன்கூட ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவான்.

இப்போது நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன்.

சுவரில் இருந்த புள்ளிகள் எங்கள் பெண்களின் கண்ணை உறுத்தின. ஒன்று மேலே, ஒன்று கீழே, மேட்டு நிரைக்காரர்களுடையது இன்னும் கீழே. தினமும் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு அது எப்படி இருக்கும்? ஒரு நாள் அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பாவம்டி அந்தப் புள்ள. ஒரு நாளாச்சும் புள்ளி வரிசையா வருதா பாரு. இத கொண்டுபோயி சிங்கப்பூருல காட்டினா எவன் மார்க் போடுவான்?"

"கிட்டப் போயிக் கேட்டுப் பாப்போமா, ஏதாச்சும் செய்யணுமான்னு?" என்றேன் நான்.

கேட்டோம். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "வேணாம், வேணாம். இது நான் தனியாச் செய்ய வேண்டியது. யாரும் உதவி செய்யக் கூடாது. அப்படித்தான் விதி."

எங்களுக்குப் புரிந்தது என்ன என்றால், உதவி செய்தால் வெளியே தெரியக் கூடாது.

பூசைக்கு மறுநாள் ஆரம்பித்தோம். எல்லா நிரையிலிருந்தும் வரும் பாதைகள் ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய பாறையடியில் சேரும். அங்கே வாளிகளை இறக்கி வைத்து, நிறையப் பால் உள்ளவர்கள் குறைந்தவர்களுக்கு ஊற்றினோம். மரத்தில் கட்டும் மங்குதான் அளவு. ஒரு மங்கு, ஒன்றரை மங்கு. அம்மாவுக்கு நான் ஊற்றினேன். "போதும்டி, உனக்கு கொறஞ்சிரும்," என்பாள். "வரிசையா வரணும்மா," என்பேன். அவளுடைய புள்ளி கீழே கிடப்பதை நிமிர்த்தப் போகிறோம் என்ற சந்தோஷமும் எனக்கு இருந்தது. பொய் சொல்வானேன்.

நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. சுவரில் புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி வந்தன. அஞ்சலை அக்கா தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் அழகா இருக்கு," என்றாள்.

அவர் முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடியது. காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தராசைக் கழற்றிப் பூட்டினார். லயத்தில் வீடு வீடாக வந்து, ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டார். "பூசைக்கு அப்புறம் நீங்க வெட்டுறதுல ஏதாவது மாறியிருக்கா?"

எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னோம். "ஒண்ணும் இல்லயே தம்பி." அவருக்காகத்தான் மறைத்தோம். தெரிந்தால் அவரைப் பெயில் ஆக்கிவிடுவார்களே.

மூன்றாவது வாரம் துரை கொட்டகைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினார். பிறகு கிராணியைப் பார்த்து அவருடைய தமிழில் சொன்னார்: "தூரம் இல்ல. சோம்பல். ஆள் பார்த்தா பால் வருது. பார்க்காட்டி வரல."

அன்று மத்தியானமே கிராணி வந்து உத்தரவைச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து மேட்டு நிரைக்காரர்களும் மற்றவர்கள் அளவுக்குப் பால் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். மாதாமாதம் முதல் தேதி பெரட்டில், அதாவது காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடும்போது, யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

அம்மா படியில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கனவே கூராகத்தான் இருந்தது.

நான் எழுந்து கொட்டகைக்கு ஓடினேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அந்தப் புள்ளியெல்லாம் நாங்கதான் நேராக்கினோம்."

அவருக்கு விளங்கவில்லை. கோலம், பாறை, வாளி, மங்கு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டேனே என்று பதறினேன். தலையைத் தூக்கினால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"கோலமா? கோலம்னா நெனச்சீங்க?"

"வரிசையா இல்லன்னா மார்க் போட மாட்டாங்கன்னு..."

சிரிப்பு நின்றது. நோட்டைத் திறந்தார். "எந்தத் தேதியிலேர்ந்து?"

"பூசைக்கு மறுநாள்லேர்ந்து."

"யாரு யாருக்கு எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஏறக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "தெரியாதுண்ணே. யாரும் அளக்கல."

"அப்ப பதினெட்டு நாளும் போச்சு," என்றார். "திருப்பி எடுக்க முடியாது. ஊகிச்சி எழுதவும் முடியாது."

பின்னால் கிராணி நின்றதை நான் பார்க்கவில்லை. நல்ல மனுசர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒருத்தி பால இன்னொருத்தி வாளியில ஊத்துறது இங்க பெரிய குத்தம். துரைக்குத் தெரிஞ்சா ஊத்தினவ பேரும் போகும், வாங்கினவ பேரும் போகும். சூசாலா, வம்பாயிரும். பேசாம இருந்துருங்க."

பேசாமல் இருந்தால் மேட்டு நிரைக்காரர்கள் ஆறு பேரும் போவார்கள். பேசினால் எல்லாரும் போவோம். பதினெட்டு நாளை அடித்துவிடலாம் என்றால், அடித்ததற்குக் காரணம் எழுதாமல் அவர் அடிக்கமாட்டார். அன்று அவர் அந்த மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான் வீட்டுக்கு வந்து அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

மறுநாள் துரை பங்களாவில் நடந்ததைக் கிராணி எங்களுக்கு நடித்தே காட்டினார்.

"தம்பி நேராப் போயி, இந்தக் காகிதமெல்லாம் தப்பு துரைன்னாரு. யாரு தப்புன்னாரு துரை. என் தப்பு, நான் அளக்கிறத அளக்கப்படுறவங்களுக்கே காட்டிட்டேன், காட்டினா மனுசன் மாறிடுவான், அது என் பாடத்துல மொத பக்கத்துலயே இருக்குன்னாரு. துரை விடுவாரா? அப்ப கள்ளத்தனம் பண்ணிருக்காங்க, என்ன பண்ணினாங்க, சொல்லுன்னாரு. இந்த ஆளுக்குத்தான் பொய்யே வராதே!"

"அய்யய்யோ, அப்புறம்?" என்றாள் அஞ்சலை அக்கா.

"நேரா துரை மூஞ்சியப் பார்த்துச் சொல்றாரு: நான் அத என் கண்ணால பார்க்கல துரை. பார்க்காதத நான் சொல்லவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்."

செருப்பை எண்ணியவர், மரத்தை எண்ணியவர், எங்களை அவ்வளவு பாடுபடுத்தியவர். அந்தப் பிடிவாதத்தையே எங்களுக்குக் குடையாகப் பிடித்துவிட்டார்.

இன்னும் முப்பது நாள் கொடுங்கள், முதலிலிருந்து அளக்கிறேன், அதுவரை யார் பெயரையும் தொட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். துரை சரி என்றாராம். ஆனால் அந்த முப்பது நாளுக்குள் சிங்கப்பூரில் புத்தகத்தைக் கொடுக்க வேண்டிய தேதி போய்விடும். அந்த வருடம் அவருக்குப் பட்டம் இல்லை. பீடோங்கிலிருந்து அவருடைய அத்தா சைக்கிளில் வந்து, முள்வேலிக்கு வெளியே நின்று கத்தினார். "ரப்பர் பால எண்ணவாடா உன்னப் படிக்க வச்சேன்?" இவர் உள்ளே நின்று, "கத்தாதீங்கத்தா, காவக்காரங்க பாக்குறாங்க," என்றார். அத்தா கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைக் காவல்காரர்கள் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அதை எங்களோடு பகிர்ந்து சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் எல்லாரையும் கொட்டகையில் கூட்டினார். சுவரில் காகிதம் இல்லை.

"இனிமே யாருக்கும் யாரும் ஊத்தாதீங்க. கொறஞ்சா கொறஞ்சதாவே கொண்டுவாங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

"சரி தம்பி," என்றாள் அஞ்சலை அக்கா. "கொறஞ்சத பாத்துட்டு இவ பேர வெட்டிட்டாங்கன்னா?" அம்மாவைக் கைகாட்டினாள்.

"வெட்டக் கூடாதுன்னுதான் இவ்வளவும். ஆனா வெட்ட மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா என்று தோன்றியது. ஆனால் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வெட்ட மாட்டாங்கன்னு சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டேன் தம்பி. தெரியாதுங்கறீங்க பாருங்க. கொண்டுவரேன்."

முப்பது நாள். தினமும் எல்லார் முன்னாலும் தராசு முள் பாதியில் நிற்கும். மண்டோர், அதுதான் எங்களை மேய்க்கிறவர், "என்ன, மரத்தடியில தூங்கினியா?" என்பார். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதுவார். காதுமடல் மட்டும் சிவந்திருக்கும்.

ஒரு நாள் வாசல் சோதனை ஏழு மணியையும் தாண்டிவிட்டது. அன்று பாறையடிக்கு அம்மா வந்தபோது வாளியின் அடிதான் நனைந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. யாரும் பார்க்காதபோது என் வாளியிலிருந்து ஒரு மங்கு மொண்டு அவள் வாளிக்குக் கொண்டுபோனேன். அம்மா வாளியின் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பால் அவள் புறங்கையில் வழிந்தது.

"எடுடி. எம்பாலு இது. கொறச்சலா இருந்தாலும் எம்பாலு."

அன்று பதினொரு ராத்தல். மண்டோர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதவில்லை.

முப்பதாவது நாள் முடிந்து அவர் எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பினார். கோழி கிளறிய மாதிரி இருந்தது. அவருக்கோ முகமெல்லாம் பல். சோதனை சீக்கிரம் முடிந்த நாட்களில் மேட்டுப் புள்ளிகள் மற்றவற்றுக்குக் கிட்டத்தில் இருந்தன. மேட்டு ஆட்கள் வரிசையில் கடைசியாக நின்ற நாட்களில் அதலபாதாளத்தில் கிடந்தன. எங்களுக்கே கண்ணால் பார்த்தால் புரிந்தது. துரைக்கும் புரிந்திருக்க வேண்டும். காகிதத்தை வாங்கிக்கொண்டு, "யோசிக்கிறேன்," என்று மட்டும் சொன்னாராம்.

ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டும்போது அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தின் முன்பக்கத்தில், இதை நான் தனியாகச் செய்தேன், யாரும் உதவவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது உண்மைதானா என்று தெரியாமல் எப்படிப் போடுவது? மறுபடியும் வீடு வீடாக வந்தார். ஒரே கேள்வி. "இந்தத் தடவை எனக்கு ஏதாவது உதவி செஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல தம்பி!" என்று அஞ்சலை அக்கா தன் தலையில் அடித்துக்கொண்டாள். "இனிமே ஒரு மனுசனுக்கும் உதவி செய்ய மாட்டேன்!"

எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்கக்கா?"

"ஒண்ணும் செய்யல தம்பி," என்றாள் அம்மா. "செய்யாம இருக்கத்தான் கஷ்டப்பட்டேன்."

அவர் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் போனார். அவர் கேள்வி கேட்டுவிட்டு எழுதாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் முதல் தேதி. பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்றோம். கிராணி பேரேட்டை விரித்தார். பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், "இன்னியிலேர்ந்து வாசல்ல மேட்டு நெரைக்காரங்கதான் மொதல்ல. மத்தவங்க பின்னால," என்றார். எங்களுக்குள் ஒரு சலசலப்பு. ஆனால் நான் அதைக் கேட்கவே இல்லை. மேட்டு நிரைக்காரர்கள் எத்தனை பேர் மிச்சம் என்றுதான் என் காது காத்திருந்தது.

மூன்றாவதாக அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எப்போதும் வாய்க்குள் முனகுகிற அம்மா, "இருக்கேன்!" என்று போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காவல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு பேர் பெயரும் இருந்தது.

அம்மா வாளிகளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வாசலுக்கு நடந்தாள். கண் நிறைந்திருந்தது. வாசலுக்கு வெளியே இவர் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலப் பஸ்ஸுக்கே போயிருக்க வேண்டியவர். வரிசையை மாற்றப் போவதாகக் கிராணி வாயிலிருந்து கேள்விப்பட்டதும், மாற்றினால் பால் நிஜமாகவே ஏறுகிறதா என்று பார்க்காமல் போக முடியாது என்று நின்றுவிட்டார். ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் நோட்டு. பெரட்டுக்களத்தில் நடந்த எதையும் அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"தம்பி, எம்பேரு இருக்கு."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு மணி நாலு நிமிஷம்க்கா," என்றார். "நிக்காதீங்க. வெரசா நடங்க."